ராத்தாவுக்கு ஒரு லிங்க்

இந்த ஊரில் ஜன்னலுக்குத் திரை போட மாட்டார்கள். தெருவில் நடந்தால் வரிசையாக எல்லா வீட்டுக் கூடங்களும் தெரியும்: சோபா, பூந்தொட்டி, மேசையில் பாதி விளையாடிவிட்டு வைத்த சீட்டுக்கட்டு, டிவி முன்னால் காலை நீட்டிக்கொண்டு ஒருவர். ஆனால் நடந்து போகிற யாரும் உள்ளே பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். வந்த புதிதில் இது தெரியாமல் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு பெரியவர் எழுந்து வந்து கதவைத் திறந்து ஏதோ கேட்டார். அப்போது எனக்கு டச்சு வராது. உங்கள் வீடு அழகாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது நானும் அப்படி ஒரு ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். நெதர்லாந்தின் வடக்கே, வாய்க்காலும் மாட்டுக் கொட்டகையுமாக இருக்கும் சின்ன ஊர். சென்னையிலிருந்து என்னை அழைத்து வந்த கம்பெனி இங்கே கடையை மூடிய பிறகு, திரும்பிப் போகாமல் தனியாளாகத் தொழிலைத் தொடங்கினேன். ரொட்டிக்கடை, சைக்கிள் பழுது பார்ப்பவர், நாய்களுக்கு முடி வெட்டும் ஒரு பெண்மணி என்று இவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை தெருவில் போகிற அத்தனை பேருக்கும் நான் தெரிகிறேன், ஒருவரும் பார்ப்பதில்லை. அதிராம்பட்டினத்தில் எங்கள் தெரு வீடுகளுக்கு ஜன்னல் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், அதற்கும் திரை போட்டிருப்பார்கள். ஆனாலும் உள்ளே இன்றைக்கு என்ன மீன் என்பது தெருக்கோடி வரை தெரிந்துவிடும்.

தொழில் பழகியது ஊரில்தான். முதல் வெப்சைட் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் வியாபாரிக்கு. பக்கம் முழுக்கத் தேங்காயும் தோப்புமாகப் பார்த்துப் பார்த்துச் செய்து காட்டினேன். அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, என் போட்டோ தேங்காயை விடப் பெரிசா வரணும் என்றார். பெரிசாக்கிக் கொடுத்தேன். இங்கே தலைகீழ். ரொட்டிக்கடைக்காரர் தன் படமே வேண்டாம், ரொட்டி மட்டும் போதும் என்கிறார். இங்கே ஒரு வேலையை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் வரும், அதன்பின் ஒரு வாரம் சத்தமே இருக்காது. அந்தக் காத்திருப்பில் என்ன செய்வது? இணையத்தில் அலைவேன். அலைகிறபோது ஏதாவது கிடைக்கும்.

கிடைத்ததையெல்லாம் முதலில் என் சொந்தத் தளத்திலேயே ஒரு பகுதி ஒதுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். படித்தவர்களின் கணக்கைப் பார்த்தால் வந்துபோனவை பாதிக்கு மேல் தேடல் இயந்திரங்கள். மிச்சம் நான். வெறுத்துப்போய், ஒருநாள் காலையில் ஒரு லிங்க்கை எடுத்து ராத்தாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ராத்தா என் அக்கா, உடன்பிறந்தவர் என்று எனக்கு இருப்பது அவர் ஒருவர்தான். உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு வீட்டை நடத்துவதும் அவர்தான், மச்சான் வருஷத்தில் பெரும்பாதி துபாயில். எனக்குக் காலை என்றால் அங்கே மதியத்து லுஹர் தொழுகைக்கு முந்திய சமையல் நேரம். அரிசி டின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வெங்காயம் அரிந்தபடியே பார்ப்பார்.

அன்றைக்கு அனுப்பியது கனடாவில் ஒருவர் நடத்தும் பக்கம். தெருவில் யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறைகளை மட்டும் படமெடுத்து, எந்தத் தெரு, எந்தக் கை என்று எழுதிப் போடுகிறார், வருஷக்கணக்காக. எனக்கு அது பெரிய ரசனையாகப் பட்டது. ராத்தாவின் குரல் பதிவு வந்தது: "பாத்தேன் தம்பி. ஏன், அவருக்கு வீட்டுல யாரும் இல்லையா?"

அதன் பிறகு எதை அனுப்பினாலும் இதே கேள்விதான். ரயில் நிலையங்களின் கடிகாரங்களைச் சேகரிக்கும் ஜெர்மன்காரர், பழைய லிஃப்ட்டுகளின் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருக்கும் பெண், கடற்கரையில் ஒதுங்கும் காலணிகளைப் பற்றி எழுதும் ஓய்வுபெற்ற மாலுமி, எல்லோருக்கும் வீட்டில் யாரும் இல்லையா என்று ராத்தா விசாரித்தார். ஒருமுறை எனக்குச் சுள்ளென்று கோபம் வந்து, இதெல்லாம் ஒரு ஆர்வம், உங்களுக்குப் புரியாது என்று எழுதிவிட்டேன். புரியாமல் கேட்கிறவர் இல்லை அவர். அந்தக் கேள்வி யாரைப் பற்றியது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குரலுக்காகத்தான் அடுத்த நாளும் தேடினேன். இந்த ஊரில் ஒரு நாள் முழுக்க நான் தமிழில் கேட்கும் குரல் அது ஒன்றுதான்.

போன கோடையில் அது நின்றுபோனது. லிங்க் அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வரும். உலக வரைபடத்தில் எந்த ஊரைத் தொட்டாலும் அந்த ஊர் மழையின் சத்தம் கேட்கும் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து அனுப்பினேன். நிச்சயம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். கட்டைவிரல். உடம்புக்கு ஏதுமா என்று கேட்டால் இல்லை என்பார், கை வேலையாக இருக்கிறேன் என்பார். எனக்குப் பயம் வந்தது. ராத்தாவும் என்னை மெல்லக் கழற்றிவிடுகிறாரோ என்று நினைத்தேன். அவர் கழன்றால் ஊரில் எனக்கு என்று எதுவும் மிச்சமில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். மகன் பிறந்து வளரும் வீடு உம்மா வீடு, பிறகு அது ராத்தா வீடு, அவன் போய்ச் சேர்வது மனைவி வீடு. பெண்கள் அசையாமல் இருப்பார்கள், ஆண்கள் நகர்ந்துகொண்டே இருப்போம். நானும் இரண்டு தெரு தள்ளி அப்படித்தான் போனேன். அந்த வாழ்க்கை ஒட்டவில்லை, கொஞ்ச காலத்தில் முறித்துக்கொண்டோம். மற்ற ஊர்களில் இப்படி நடந்தால் பெண் அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வருவாள். எங்கள் ஊரில் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். டீக்கடையில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, பட்டப்பகலில் இரண்டு தெருவை நான் கடந்தேன். ராத்தா கதவைத் திறந்துவிட்டார். மாடி அறையைக் கூட்டி, பாயை விரித்து, சாப்பிட வா என்றார். அந்த மாடி அறைதான் இந்த உலகத்தில் எனக்கு என்று சொல்லிக்கொள்ளும் இடம். என் பழைய கம்ப்யூட்டரும் சட்டைகளும் இன்னும் அங்கேதான் இருந்தன.

கட்டைவிரல்கள் வந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் அந்தப் பண்ணை வீட்டு வேலை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு வயதான தம்பதி, மாட்டுப் பண்ணையோடு சேர்த்து வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார்கள். நான் பார்க்கப் போன அன்று அவர்கள் மகளும் அங்கே இருந்தாள், மாய்க்க என்று பெயர். அவள்தான் காபி போட்டுக் கொடுத்து ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாள். அவள் கணவன் நாற்காலிகளைத் தூக்கி இடம் மாற்றிக்கொண்டிருந்தான். மகன் ஒருவன், பீட்டர், மாடுகளோடு வெளியே இருந்தான், தூரத்தில் கை அசைத்ததோடு சரி. குடும்பப் படங்களைக் கொடுத்து, எங்களுக்கு எழுத வராது, நீங்களே எழுதிக் காட்டுங்கள் என்றார்கள்.

எழுதினேன். 'ஓவர் ஓன்ஸ்', அதாவது எங்களைப் பற்றி என்ற பக்கத்தில் வாசலில் நிற்கும் மாய்க்கவின் படத்தைப் பெரிசாகப் போட்டு, மாய்க்கவின் வீட்டுக்கு வாருங்கள் என்று தலைப்புக் கொடுத்தேன். பக்கத்தில் அவள் கணவன். கீழே பெற்றோர். கடைசியில், உதவிக்கு வருபவர்கள் என்ற இடத்தில், ஒரு மாட்டோடு பீட்டர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மகளும் மருமகனும் இருக்கிற வீடு மகளுடையது, வெளியே நிற்கிற மகன் வந்துபோகிறவன். எங்கள் தெருவில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். லிங்க்கைக் குடும்பத்தார் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டுத் திருப்தியாகத் தூங்கினேன்.

மறுநாள் மாய்க்க போன் செய்தாள். அவள் வேறு நகரத்தில் ஆசிரியை, அன்றைக்கு விடுமுறைக்கு வந்தவள். வருஷக்கணக்காகப் பண்ணையைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருப்பவன் பீட்டர். வீட்டை யாருக்கு எழுதுவது என்று பெற்றோர் இன்னும் வாயைத் திறக்கவில்லையாம். முடிவை வெப்சைட் மூலமாகத் தெரிவிக்கிறார்கள் என்று பீட்டர் நினைத்துவிட்டான். யாரோடும் பேசாமல் கொட்டகையிலேயே இருக்கிறான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடுப்படி மேசையைச் சுற்றிப் பெற்றோரும் மாய்க்கவும், கொட்டகையிலிருந்து அழைத்து வந்த பீட்டருமாக நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த டச்சில், இது என் தவறு, எங்கள் ஊர் வழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வீடு மகளுக்கு, மகன் மனைவி வீட்டுக்கு. பெரியவர் முதலில் நம்பவில்லை. பிறகு அவர் மனைவி சிரித்தார், நல்ல ஊராக இருக்கிறதே என்று மாய்க்கவும் சிரித்தாள். பீட்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு என் வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"மனைவி இல்லாதவன் எங்கே இருப்பான்?"

"அக்கா வீட்டில் அவனுக்கு ஓர் அறை இருக்கும். எனக்கு இருக்கிறது, மாடியில்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவன் தலையாட்டினான். அவன் அம்மாவுக்கு நான் சொன்னது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, நாற்பது வயதில் சொந்த வீடில்லாமல் அக்கா தயவில் இருக்கும் ஏழை என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. கிளம்பும்போது ஒரு பை நிறைய உருளைக்கிழங்கைச் சைக்கிளில் கட்டிவிட்டார். மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ராத்தாவை எப்படியும் பேச வைக்கும் கதை இது என்று வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். நினைத்தது போலவே சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். அந்தக் கெழங்க என்ன பண்ணப் போற என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நானும் ஒன்னு சொல்லணும். இத்தன நாளா வாய் வரல."

மகள் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். பையன் நல்ல இடம். மாப்பிள்ளை வந்து தங்க வேண்டும், கீழே இடமில்லை, மாடியை இடித்துக் குளியலறையோடு புதிதாகக் கட்ட வேண்டும். மாடி என்றால் என் அறை. வேலை தொடங்க ஆள் வந்து நிற்கிறது, என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்தியிருக்கிறார். என் லிங்க் வரும்போதெல்லாம், பேசினால் வாய் தவறி வந்துவிடும் என்று கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

நல்ல செய்திதானே, இதற்கா இவ்வளவு என்று சொன்னேன். மாப்பிள்ளைக்குத்தான் அறை, அதுதான் முறை. எனக்கும் அப்படித்தான் இன்னொருவர் வீட்டில் அறை கட்டினார்கள். அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன், உரித்துக்கொண்டே அழுதேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நாயோடு போனாள், வழக்கம்போல் பார்க்கவில்லை. அன்றைக்கு அதற்காக அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

என் சாமான்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். மறுநாளிலிருந்து ராத்தா எனக்கு அனுப்ப ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, கீழே குரல் பதிவு. "இந்த டிவி மாதிரி பொட்டி வேணுமா? கனம், ரெண்டு பேரு தூக்குறாங்க." "ஒயரு மட்டும் ஒரு சாக்கு. இதுல எது எதுக்குன்னு ஒனக்காவது தெரியுமா?" "பட்டுக்கோட்டை தேங்கா ஆளு போட்டோ ஒன்னு கெடக்கு. யாருடா இவரு, இம்புட்டுப் பெருசா?" வேலைக்கு நடுவே படம் வந்து விழும், நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பார்ப்பேன். சிலவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. கட்டைவிரலைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன்.

பண்ணை வீட்டுப் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தேன். பீட்டரின் படம்தான் இப்போது மேலே இருக்கிறது, அவனும் தன் படம் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. வீட்டைப் பற்றி அவர்களுக்குள் பேசி முடித்துவிட்டதாக மாய்க்க எழுதியிருந்தாள். உங்கள் தவறு இல்லாவிட்டால் பேசியே இருக்க மாட்டோம் என்றும் எழுதியிருந்தாள்.

நிக்காஹுக்குப் போனேன். வாசல் படியில் விருந்தாளிகளின் செருப்புகள் குவிந்து கிடந்தன. நானும் ஷூவைக் கழற்றி அந்தக் குவியலிலேயே விட்டேன். வீட்டு ஆண்கள் செருப்பை வாசலைத் தாண்டி நடைக்குள் இருக்கும் அலமாரித் தட்டில்தான் வைப்போம், அது கை தானாகச் செய்யும் காரியம். அன்றைக்கு அங்கே வைக்கத் தோன்றவில்லை. ஆண் விருந்தாளிகளுக்கு எதிர்வீட்டு மாடியை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். என் பெட்டியும் அங்கே போனது. அங்கிருந்து பார்த்தால் என் அறை இருந்த இடத்தில் புது ஜன்னல், புதுத் திரை.

நடையில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மழ சத்தம் அனுப்புனது நீதானே வாப்பா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது: நான் அனுப்பியதையெல்லாம் ராத்தா தெருவின் பெண்கள் குழுவில் போட்டுவிடுவாராம். ஒற்றைக் கையுறைக்காரருக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று இரண்டு நாள் பேசியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் மதியம் மழைச் சத்தத்தைப் போட்டுக்கொண்டுதான் மாமி கண் அசருவாராம். என் சொந்தத் தளத்துக்கு இயந்திரங்கள் மட்டுமே வந்துபோன அத்தனை நாளும் எங்கள் தெரு முழுக்க என்னைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நிக்காஹ் முடிந்த மறுநாள், மாப்பிள்ளைக்குத் தேநீர் கொண்டுபோகும்படி ராத்தா என்னை மாடிக்கு அனுப்பினார். புதுக் கட்டிலின் விளிம்பில் அந்தப் பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். கீழே பெண்கள் பேச்சும் சிரிப்புமாக வீடு அதிர்ந்துகொண்டிருந்தது, இறங்கி வரக் கூச்சம் போலும். மின்விசிறிக்கு எது ஸ்விட்ச் மாமா என்று கேட்டான். கை பழக்கத்தில் கதவோரம் போனது, அங்கே வெறும் சுவர். இருவருமாக ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தோம்.

"இது ஒங்க ரூமுன்னு சொன்னாங்க" என்றான்.

இருந்தது என்றேன். புது இடம், சரியாகத் தூக்கம் வரவில்லை என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல வந்தேன், என் கதை தெரிந்த பையனிடம் அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். தேநீரைக் குடித்து முடித்தவன் போனை எடுத்து என் எண்ணைக் கேட்டான். "மாமிக்கு அனுப்புறீங்களே, அதெல்லாம் எனக்கும் அனுப்புங்க மாமா" என்றான், மாமி என்றது ராத்தாவை. சரி என்று அங்கேயே ஒன்றை அனுப்பினேன். லிஃப்ட் சத்தங்களின் பக்கம். நாங்கள் இருவரும் யாருடைய ஊரிலோ ஒரு கிழட்டு லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறுவதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

நான் கிளம்பும் நாளில் விருந்தாளிகள் அனேகமாகப் போய்விட்டிருந்தார்கள். ராத்தாவிடம் சொல்லிக்கொண்டு படிக்கு வந்தால் என் ஷூவைக் காணவில்லை. எதிர்வீட்டுக்கு வந்துபோக அதுவரை ரப்பர் செருப்பே போதுமாக இருந்ததால் கவனித்திருக்கவில்லை. யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். வெறும் கால் உறையோடு படியில் நின்று அங்கும் இங்கும் பார்த்தேன். தெருவில் கார்க்காரர் இரண்டாவது முறை ஹாரன் அடித்தார்.

"அங்க என்ன தேடுற? அது அன்னைக்கே உள்ள எடுத்து வச்சாச்சு" என்று ராத்தா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

நடைக்குள் இருந்த தட்டில், மாப்பிள்ளையின் புதுச் செருப்புக்குப் பக்கத்தில், துடைத்து வைத்த என் ஷூ இருந்தது. ஊரை விட்டுப் போவதற்காக நான் மறுபடியும் வீட்டுக்குள் போனேன்.